நாய்க்கு உடுப்பு தேவையில்லை என்பது பற்றி

ஹார்லன்ஸ் ஃபோர்டு, அயோவா
அக்டோபர் 14

அன்பு மகன் கால்வினுக்கு,

உன் கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் இந்தச் செய்தி உன்னை வந்தடைய வேண்டும். நம் ஊர் நூலகக் குழு மூன்று மணி நேரம் விவாதித்து, ஐந்துக்கு நான்கு வாக்குகளில், நூலகத்துக்குள் வரும் பிராணிகள் சிவப்பு உடுப்பு அணிய வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறது. மெரூன் நிறம் கேட்ட நால்வரும் காபி குடிக்காமலே வெளியேறினார்கள்.

நம் நாய் பிஸ்கட்டுக்கு உடுப்பு கிடையாது. அம்மாவுக்கு வலிப்பு வரப்போவதை முன்பே அறிந்து, அவள் முழங்காலைக் காலால் அழுத்தும். அவளும் தரையில் உட்கார்ந்துவிடுவாள். மூன்று வருடங்களாக ஒரு முறைகூட அவள் விழுந்ததில்லை. சட்டப்படி உதவி நாயைப் பற்றி இரண்டே கேள்விகள் கேட்கலாம்: உடல்நிலைக்காகத் தேவைப்படும் நாயா? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? சான்றிதழோ உடுப்போ கேட்கக் கூடாது.

வாசல் காவலாளி வாண்டாவிடம் இதைச் சொன்னேன். "சார், போன வருஷம் அது அவங்கள உக்கார வச்சத என் கண்ணால பாத்தேன். ஆனா உடுப்பு இல்லாம விட்டா என் வேலை போயிடும். இருபது டாலர்தானே, வாங்கிப் போட்டுடுங்களேன்" என்றாள். அப்போது பக்கத்து வீட்டு எல்டன் தன் வாத்தோடு உள்ளே போனார். மன ஆறுதலுக்காக வளர்க்கும் பிராணியை நூலகத்தில் அனுமதிக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வாத்து சிவப்பு உடுப்பு போட்டிருந்தது. "என்ன லைல், அந்தச் சட்டப் புத்தகத்தையே நாய் முதுகுல கட்டிவிடேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அம்மாவும், "வாங்கித் தொலைங்களேன். எனக்கு இருக்கறது அந்தப் புதன்கிழமை வாசிப்புக் கூட்டம் ஒண்ணுதான்" என்றாள். கேட்கக் கூடாததைக் கேட்டால் கொடுக்கக் கூடாது என்றேன். குழுவுக்கு நான்கு பக்கம் எழுதினேன். பதில் வரட்டும் என்றேன்.

இரண்டு புதன்கிழமைகள் காத்திருந்தாள். மூன்றாவது புதன்கிழமை, நாயை என்னிடம் விட்டுவிட்டுத் தனியாக நூலக மாடியில் நடக்கும் கூட்டத்துக்குப் போனாள். நான் வாசல் பெஞ்சில் அமர்ந்து ஐந்தாம் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பிஸ்கட் கண்ணாடிக் கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. அதட்டி உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாண்டா ஓடிவந்து, "சார், சீக்கிரம் வாங்க, அவங்க படிக்கட்டுல..." என்றாள்.

பயப்படாதே. இடுப்பெலும்பை அறுவை செய்து சேர்த்திருக்கிறார்கள். நெற்றியில் பதினோரு தையல். மருத்துவமனையில் பிஸ்கட்டைப் பார்த்த நர்ஸ் அந்த இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டார்.

நேற்று குழுவின் பதில் வந்தது. நான் சொன்னது முழுக்கச் சரியென்று ஒப்புக்கொண்டு விதியை நீக்கிவிட்டார்கள். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நர்ஸிடம் தண்ணீர் கேட்டாள்.

கடலில் குளிர் அதிகமாக இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். முடிந்தால் அம்மாவிடம் தொலைபேசியில் பேசு. என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்.

திங்கட்கிழமை அவளை மருத்துவமனையிலிருந்து அனுப்புகிறார்கள். இனி அவளுக்கு எழுதும் கடிதங்களை உன் அக்கா ரெனாட்டாவின் விலாசத்துக்கு அனுப்பு. பிஸ்கட்டும் அங்கேதான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா