உள்பக்கத்து மணல்

முடிச்சூர், 12.12.88

கர்த்தர் கண்மணிபோல் காக்கும் என் அத்தானுக்கு,

உங்கள் அழுக்குத் துணிமூட்டையை உங்களோடு வேலைசெய்யும் லாசரஸ் தம்பி கொண்டுவந்தான். துருப்பிடித்த டாங்க்கைச் சுத்தம்பண்ண மணல் பீய்ச்சியடிக்கும்போது முகத்தில் கட்டிக்கொள்ள, என் பழைய சேலையை நாலாய் மடித்து, ஜெபம்பண்ணித் தைத்துக் கொடுத்தேனே, அதைத்தான் முதலில் பிரித்தேன். வாய் படும் பக்கத்திலும் மணல் நறநறத்தது.

"அண்ணன் தெனமும் வெல்லம் சாப்புடறாரு, தூசி எறங்கிடும்க்கா."

"அப்ப அவரோட இருமல்?"

"அது பனிக்கா" என்று சிரித்தான். சிரிக்கும்போதே அவனுக்கும் இருமல் வந்துவிட்டது.

ஜெபத்தில் உட்கார்ந்தாலும் மனசு நிற்கவில்லை. மற்றதெல்லாம் துவைத்து அனுப்பியிருக்கிறேன். அந்தத் துணியை மட்டும் அடுப்பில் போட்டுவிட்டேன். காற்றுக்குழாய் வைத்த முகமூடி கொடுத்தால் வேலை செய்யுங்கள். கொடுக்காவிட்டால் அடுத்த மூட்டையைத் தம்பியிடம் தராதீர்கள். நீங்களே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருக்கும்,
உங்கள் மனைவி