உடைந்தது சேர்த்தி இல்லை

யங்ஸ்டவுன்
செப்டம்பர் 9

அன்புள்ள மகள் மர்லீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அதாவது இன்று காலை விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்ததில் நூற்று நாற்பத்திரண்டு, அந்த அளவுக்கு நலம். ஆங்கரேஜில் நீயும் மாப்பிள்ளை ஈவனும் எந்த எண்ணையும் பார்க்காமலே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்லிவிடுகிறாய், எனக்கு அழுகை வந்துவிடுகிறது, சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனவள் நான், எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. முக்கியமான விஷயம் கடைசியில் இருக்கிறது, முதலிலேயே அங்கே தாவாதே.

உன் வருங்கால மாமியார் லொரெய்ன் போன வாரம் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது, அதைக் கேட்டே எனக்குப் பத்து எண் ஏறியிருக்கும். "கேக் இருக்கும்போது குக்கி மேஜை எதுக்குங்க வேரா, விருந்தாளிங்க குழம்பிடுவாங்களே" என்றார். நம் ஊரில் பெண் வீட்டு அத்தை சித்தியெல்லாம் மூன்று மாதம் சுட்டு, உறைபெட்டியில் அடுக்கி, சர்ச் கூடத்தின் நீளத்துக்கு மேஜை போட்டுக் குக்கி பரப்பாமல் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, வந்தவர்கள் பெண்ணையாவது மறப்பார்கள், மேஜையில் எத்தனை வகை இருந்தது என்பதை மறக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அவர் ஓகோ என்று சொல்லிவிட்டு, பாதாம் மாவும் தேங்காய்ச் சர்க்கரையும் போட்டு ஒரு குக்கி செய்முறை அனுப்பி வைத்தார், என் உடம்புக்கு நல்லதாம். செய்தேன். உன் டோலரெஸ் அத்தை ஒன்றைக் கடித்துப் பார்த்து, "இதைப் பறவைக்குப் போடுடி வேரா" என்றாள். போட்டேன். பறவையும் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுத்தான் போனது.

சர்க்கரை என்று ஜூலையில் சொன்னதிலிருந்து இந்த ஊரில் டாக்டர் இல்லாத ஆள் இல்லை. சர்ச்சில் ஒருத்தி பட்டைப் பொடியைத் தின்னச் சொல்கிறாள், ஒருத்தி வினிகரைக் குடிக்கச் சொல்கிறாள், இரண்டு பேரும் ஜெபம் முடிந்ததும் டோனட் பெட்டியைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். உன் அத்தையோ, "எங்க குடும்பத்துல யாருக்கும் சர்க்கரை கிடையாதே, உனக்கு மட்டும் எப்படிடி வந்தது" என்று கேட்கிறாள். கூடப் பிறந்த தம்பியை, உன் அப்பாவை, அதே சர்க்கரைக்குக் கொடுத்துப் புதைத்துப் பத்தொன்பது மாதம்தான் ஆகிறது. நான் காப்பியைச் சர்க்கரை போடாமல் அவளுக்கும் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். துடைப்பக்குச்சி மாதிரி ஒரு பெண் பிளாஸ்டிக் உருளைக்கிழங்கையும் ரப்பர் கோழித்தொடையையும் தட்டில் வைத்து இவ்வளவுதான் சாப்பிட வேண்டும் என்று காட்டினாள், ரப்பர் கோழியே நம் வீட்டுக் கோழியைவிடச் சின்னது. கல்யாணத்தில் எத்தனை குக்கி சாப்பிடலாம் என்று கேட்டேன். "ஒண்ணு, சின்னதா" என்றாள். என் பக்கத்தில் இருந்த பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம், "ஒண்ணு சாப்பிட்டா அதுக்குப் பேரு சாப்பிடறது இல்லம்மா, மோந்து பாக்கறது" என்றார். வகுப்பே சிரித்தது, அந்தப் பெண் மட்டும் ரப்பர் கோழியைத் திருப்பி வைத்தாள்.

செய்தி கேட்டதும் நீ மேஜையை ரத்து செய் என்று சொன்னாய், கடையில் கப்கேக் வாங்கிக்கொள்ளலாம் என்றாய். நான் சண்டை போட்டேன், ஒரு துண்டுகூட வாயில் வைக்க மாட்டேன், சுடுவது மட்டும்தான் என்று சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும் நீ கேட்கிறாய், ஒவ்வொரு ஞாயிறும் அதையே சொல்கிறேன். அது பொய் மர்லீன். முழுசாக ஒன்றுகூடச் சாப்பிடவில்லை, அதில் பொய் இல்லை. உடைந்ததைச் சாப்பிட்டேன். உடைந்தது மேஜைக்குப் போகாது, டஜனில் வராது, அது சுட்டவளுக்கு என்பது உனக்குத் தெரியும், உன் அப்பா வீட்டில் காலங்காலமாக உடைந்தது சேர்த்தி இல்லை. மேஜைக்கு வராதது உடம்புக்கு மட்டும் எப்படி வரும் என்று நானே எனக்குச் சட்டம் போட்டுக்கொண்டேன். டோலரெஸும் ஆமாம் என்றாள். இரண்டு கிழங்களும் சேர்ந்து மருத்துவம் படித்துவிட்டோம்.

போன மாதக் கடைசிப் புதன்கிழமை கிளிப்பு ரோல் சுட்டோம், மாவை நாடாவாகக் கத்தரித்து மரத் துணிக்கிளிப்பில் சுற்றிச் சுட்டு, உருவி, உள்ளே கிரீம் அடைப்போமே, உன் அப்பாவுக்குப் பிடித்தது. தொண்ணூற்றாறு கிளிப்பு. அதில் இருபத்தேழு உருவும்போதே உடைந்தது. மறுநாள் காலை கருவி முந்நூற்றுப் பதினொன்று என்றது. கருவிதான் கெட்டுப்போச்சு என்று டோலரெஸைக் கூப்பிட்டு அவள் விரலைக் குத்தினேன். நூற்று நாலு. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ, பரீட்சையில் தேறியவள் மாதிரி. அடுத்த ஞாயிறு சர்ச் முழுக்க, "வேராவுக்கு முந்நூறு, எனக்கு நூறுதான், அதே குக்கிதான் நானும் தின்னேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். தின்னது மூன்று, அதைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் உள்ளங்காலில் தொடுவார்கள், தொடுவது தெரிந்தால் ஆமாம் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இந்தப் பரீட்சை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான், எனக்கு அந்தத் தாளம் தெரியும். நிறுத்தி நிறுத்தி ஆமாம், ஆமாம், ஆமாம் என்று சொன்னேன். அந்தப் பெண் டாக்டர், "நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கலையே, மிஸஸ் ஹூடாக்" என்றாள். பிறகு ஒழுங்காகச் செய்ததில் இடது காலில் இரண்டு இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டே இடம்தான், இப்போதே கவனித்தால் மற்ற இடத்துக்குப் போகாமல் பார்க்கலாம் என்றாள். அப்பாவுக்கும் முதலில் இரண்டு இடம்தான். பிறகு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு போன வருஷப் பிப்ரவரி.

வீட்டுக்கு வந்து அந்தக் கிளிப்புகளைக் கழுவி ஈரம் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் கட்டைவிரலைப் பார்த்தேன், சுட்ட கொப்புளம். நாற்பது வருஷமாக இந்த ரோல் சுடுகிறேன், ஆறவிட்டு உருவினால் உடையாது, சூட்டோடு உருவினால்தான் உடையும், இது குழந்தைக்கும் தெரியும். நான் சூட்டோடு உருவியிருக்கிறேன். உடையட்டும் என்று என் கையே உருவியிருக்கிறது. அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது, இதைத்தான் போனில் சொல்ல முடியாமல் எழுதுகிறேன். அப்பாவுக்கு டாக்டர் குக்கி கூடாது என்று சொன்ன பிறகு, வேலை விட்டு வந்ததும் சமையலறை வாசலில் நின்று, "இன்னிக்கு எத்தனை உடைஞ்சுது வேரா" என்று கேட்பார். ஒன்றும் உடையவில்லை என்றால் அவர் முகம் விழுந்துவிடும். அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல் நான் சூட்டோடு உருவ ஆரம்பித்தேன். மூன்று வருஷம். நீல நிறக் காப்பி டின்னில் போட்டு மதியச் சாப்பாட்டோடு அனுப்பினேன். எப்படி உடைந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இரண்டு பேரும் சட்டப்படிதான் நடந்தோம். நீ என்னைத் திட்டலாம். டோலரெஸிடம் சொன்னேன், அவள் திட்டவில்லை, அந்த டின்னை எடுத்துத் துடைத்துவிட்டு, "நானும் அவனுக்குக் கொடுத்தேன்டி, ஒவ்வொரு ஞாயிறும்" என்றாள். அதற்குப் பிறகு தன் நூற்று நாலைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை.

இப்போது கேள். மேஜை உண்டு. அதை ரத்து செய்தால் உன் அப்பாவை இன்னொரு தடவை புதைத்த மாதிரி இருக்கும், அதற்கு எனக்குத் தெம்பில்லை. ஆனால் உடைந்ததும் இனிமேல் மேஜைக்குத்தான் போகும், தனித்தட்டில், எல்லோரும் பார்க்கிற மாதிரி. டோலரெஸ் மானம் போகும் என்றாள், போகட்டும் என்றேன், லொரெய்னும் குழம்பட்டும். அப்பா இடத்தில் நான்தான் உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்று நீ கேட்டாயே, அந்தச் சர்ச் நடைபாதை முப்பத்தாறு அடி, நேற்று போய் நடந்து பார்த்தேன். லொரெய்ன் அனுப்பிய வெள்ளிக் குதிகால் செருப்பை உன் அத்தைக்குக் கொடுத்துவிட்டேன், அவள் விழுந்தால் நூற்று நாலோடு விழட்டும். நான் அகலமான கறுப்பு ஷூதான் போடுவேன், கவுனுக்கு ஒத்துவராது, படத்தில் காலுக்கு மேலே எடுக்கச் சொல். அந்த முப்பத்தாறு அடிக்கும் என் காலடி எனக்குத் தெரிய வேண்டும் கண்ணு, எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இனி ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டால் எண்ணைச் சொல்கிறேன், நல்லதானாலும் கெட்டதானாலும். நீயும் ஈவனும் ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள், உனக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, அத்தை பேச்சைக் கேட்காதே. நல்ல கோட்டு கொண்டுவா, அலாஸ்காவிலிருந்து வருகிறவளுக்குக் குளிர் தெரியாது என்று நினைக்காதே. கர்த்தர் உங்கள் இருவரையும் சேர்த்து வைத்து, சிரிக்க வைத்து, பல் உள்ளவரை ரொட்டியும் பல் போன பிறகு சூப்பும் குறையாமல் தரட்டும்.

நேற்று மறுபடி தொண்ணூற்றாறு கிளிப்பு சுட்டேன். ஆறும்வரை வெளியே போய்ப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுகூட உடையவில்லை. அப்பா இருந்தால் முகம் விழுந்திருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா வேரா ஹூடாக்