கொலுப்ரிடே குடும்பத்துப் பாகப்பிரிவினை

14 ஜூலை 1998

கை, புடவை, டிபன் பாக்ஸ் எல்லாம் ஸ்பிரிட் நாற்றம். ஜாடிகளில் வற்றிப்போன ஸ்பிரிட்டைக் கோடையிலேயே நிரப்பியிருக்க வேண்டும். சாங்ஷன் இப்போதுதான் வந்தது.

கல்கத்தா அலிப்பூரில், எங்கள் விலங்கியல் ஆய்வு ஆபீஸின் பாம்பு அறையில் முக்கால்வாசி அலமாரி ஒரே குடும்பத்துக்கு. கொலுப்ரிடே. சாரை, பச்சைப்பாம்பு, கொம்பேறிமூக்கன், தண்ணீர்ப்பாம்பு எல்லாரும் ஒரே கூரையின் கீழ். இவர்களுக்குள் என்ன ஒற்றுமை என்று கேட்டால் புத்தகம் என்ன சொல்கிறது? நாகம் மாதிரி வாயின் முன்பக்கம் விஷப்பல் கிடையாது. கடல்பாம்பு மாதிரி துடுப்பு வால் கிடையாது. மலைப்பாம்பு மாதிரி இடுப்பெலும்பின் மிச்சம் கிடையாது. இல்லை, இல்லை என்றே சொல்லி ஒரு குடும்பம்! வரன் கொண்டுவருகிறவர், பையன் குடிப்பதில்லை, சூதாடுவதில்லை, ஜெயிலுக்குப் போனதில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டால் நம் வீட்டில் காப்பி கொடுப்பார்களா?

அந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் என் சேற்றுப்பாம்புகள். மூக்குத் துளை தலைக்கு மேலே, முழுகினால் மூடிக்கொள்ளும். வாயின் பின்பக்கம் பள்ளம் விழுந்த பல், துளி விஷம். முட்டையிடாது, குட்டி போடும். சாரைக்கும் இவற்றுக்கும் என்ன உறவு? ஒன்றுவிட்ட உறவுகூடக் கிடையாது என்கிறேன் நான். இவை தனிக்குடும்பம். அதை என் பேரில் நிரூபிக்க வேண்டும், ரிடையர் ஆகும்வரை இவற்றோடேயே இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

3 மார்ச் 1999

செக்‌ஷன் தலைவர் டாக்டர் சாமந்தோ என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மேலே அனுப்ப மாட்டாராம். "மிஸஸ் ஜலஜா, நூறு வருஷத்துக்கும் மேலாக ஒன்றாக இருக்கிற குடும்பம். உடைக்க எப்படி மனசு வருகிறது?" குரல் கம்மிவிட்டது, பாவம்.

மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு அலிப்பூர் கோர்ட்டுக்குப் போனார். சொந்த அண்ணன்மேல் பாகப்பிரிவினை வழக்கு.

4 மார்ச் 1999

வாய்தாவாம். ஆபீஸே நாள் முழுக்க அவருடைய கடுத்த முகத்தைப் பார்த்தோம்.

17 செப்டம்பர் 2001

விஸ்வகர்மா பூஜை. போன மாதம் வந்த டி.என்.ஏ. மெஷினுக்குச் சாமந்திப்பூ மாலை, குங்குமம், சந்தேஷ் இனிப்பு. கட்டடத்திலேயே ஏ.சி. உள்ள ஒரே அறை அதற்குத்தான்.

பூஜை முடிந்ததும் டாக்டர் சாமந்தோ, "எங்கே, ஒரு பாம்பை வையுங்கள்" என்றார். எதை வைக்க? நூறு வருஷமாக இங்கே வந்த ஒவ்வொரு பாம்பையும் முதலில் ஃபார்மலினில் ஊறப்போட்டு, அப்புறம்தான் ஸ்பிரிட்டில் மாற்றியிருக்கிறோம். ஃபார்மலின் பட்ட உடம்பில் டி.என்.ஏ. துண்டுதுண்டாகப் போய்விடும். பொரித்த அப்பளத்திலிருந்து உளுந்தைத் திரும்ப எடுக்கிற கதை. மெஷின் வாங்குவதற்கு முன்னால் மீட்டிங்கில் இதைச் சொன்னேன். "பி பாசிட்டிவ்" என்றார்கள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் மிஷ்டி தோய் இனிப்புத் தயிர்ச் சட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஏ.சி. வீணாகக் கூடாதே.

10 ஆகஸ்ட் 2002

புதுச் சதை வேண்டும். ஆபீஸில் கேட்டால், அவ்வளவு பெரிய சேகரிப்பு இருக்கும்போது புதுப்பாம்பு எதற்கு என்கிறார்கள். சரி போ என்று நானே சால்ட் லேக் தாண்டி மீன் பேரிகளுக்குப் போனேன். மீன் வளர்க்கிற அந்தக் குளங்களில் வலையில் சிக்கிச் செத்த பாம்புகளைத் தூக்கித்தான் போடுகிறார்கள். பாம்பு கேட்டு வந்த மதராஸிப் பொம்பளையைப் பார்க்க ஒரு கூட்டமே கூடிவிட்டது. ஈரலைக் கொஞ்சம் வெட்டி ஆல்கஹாலில் போட்டு எடுத்துவந்தேன். எங்கே வைக்க? வீட்டு ஃபிரிட்ஜில்தான். தோசை மாவுக்குப் பின்னால்.

இவர் பேங்கிலிருந்து வந்து மோர் எடுக்கப் போனார்.

"ஏண்டி ஜலஜா, இந்தக் குப்பியிலே என்னது?"

"ஈரல்."

"யாரோடது?"

யாரோடதாம்! இருபது வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணின மனுஷர் கேட்கிற கேள்வியா இது?

"மூணு தலைமுறையா கல்கத்தாவிலே இருக்கோம், இந்த ஆத்துக்குள்ளே ஒரு மீன் முள்ளு வந்ததில்லைடி" என்று ஆரம்பித்தார். எங்கள் பெண் ஸ்னேகா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "பாபா, அது ஷாப்போட லிவர், ஸ்டெரைல்தான்" என்றாள். ஷாப் இல்லை பாம்பு, பாபா இல்லை அப்பா என்று கூப்பிடுடி என்று அவளிடம் திரும்பிவிட்டார். தப்பித்தேன்.

12 ஆகஸ்ட் 2002

மோரை வெளியிலேயே வைத்துக் குடிக்கிறார். புளிக்கிறதாம். புளிக்கட்டும்.

9 பிப்ரவரி 2004

ஹைதராபாதிலிருந்து வசந்தி போன். காலேஜ் சிநேகிதி, இங்கே மெஷின் தயிர் காக்கிறதே, அதனால் அங்கே ஒரு லேபில் என் குப்பிகளுக்கெல்லாம் அவள்தான் டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தாள். "நீ சொன்னதுதான்டி சரி. உன் பாம்பெல்லாம் தனிக் கிளை. சாரை எங்கேயோ இருக்கு, இது எங்கேயோ இருக்கு."

போனை வைத்துவிட்டு சமையலறையில் நின்றுகொண்டு அழுதேன். இவர் பதறிப்போய் வந்தார். விஷயம் கேட்டுவிட்டு, "இதுக்கா? நான் யாரோ போயிட்டாளோன்னு பயந்துட்டேன்" என்றார். பிறகு அவரே போய் மிஷ்டி வாங்கிவந்தார்.

20 பிப்ரவரி 2004

செமினாரில் சொன்னேன். டாக்டர் சாமந்தோ எழுந்து, "சமையலறை ஃபிரிட்ஜ் விஞ்ஞானம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஏன் சிரித்தேன்?

6 நவம்பர் 2006

இப்போது வெளிநாட்டுக்காரர்களும் அதையே அச்சில் போட்டுவிட்டார்கள். அந்தப் பெரிய குடும்பமே கலகலத்துப் போயிருக்கிறது. ஆளாளுக்குத் துணைக்குடும்பங்களைத் தனிக்குடும்பமாக்குகிறார்கள். என் சேற்றுப்பாம்புகளுக்கு ஹோமலாப்சிடே என்று தனிப்பேர். இன்று மீட்டிங்கில் டாக்டர் சாமந்தோ எழுந்து, "இந்தப் பாம்புகள் தனி என்று எனக்கு வெகுகாலமாகவே ஓர் உள்ளுணர்வு" என்றார்.

உள்ளுணர்வாம்! யாரோட உள்ளுணர்வு அது? எட்டு வருஷமா தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினது யாரு? வாயைத் திறந்து கேட்டிருக்கணும். கேக்கலை. டீ கப்பையே பாத்துண்டு உக்காந்திருந்தேன். மக்கு. மக்கு.

கூட்டுக் கட்டுரை தயாராகிறது. அவர் பேர் முதலில், என் பேர் இரண்டாவது. அண்ணன்மேல் போட்ட வழக்கும் ஜெயித்துவிட்டாராம், வீட்டு மாடி அவருக்கு.

16 ஜனவரி 2007

புதுக்குடும்பம் என்றால் புது செக்‌ஷன். அந்த ஏ.சி. அறைக்கு 'ஹோமலாப்சிடே பிரிவு' என்று போர்டு வந்துவிட்டது. தலைவர் டாக்டர் சாமந்தோ. போகட்டும், பாம்பு என்னிடம்தானே என்றிருந்தேன்.

மத்தியானம் ஹெட் கிளார்க் பினய் பாபு வந்து ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். நல்ல மனுஷர். "கீ கோர்போ, மேடம், நான் என்ன செய்ய? உங்கள் போஸ்ட் கொலுப்ரிடே தலைப்பில் சாங்ஷன் ஆனது. இந்தப் பாம்புகள் இப்போது கொலுப்ரிடே இல்லை. நீங்கள் தொட்டால் ஆடிட்டில் கேட்பார்கள்."

"இல்லை என்று யார் சொன்னது?"

"நீங்கள்தான், மேடம்."

அவரே ஒரு வழியும் சொன்னார். 'இது இன்னும் உறுதியாகவில்லை' என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். நான் ரிடையர் ஆகும்வரை ஜாடிகள் கொலுப்ரிடே அலமாரியிலேயே இருக்கும். யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரே ஒரு வரி. எழுதினால் பாம்பு எனக்கு. பொய்யும் எனக்கு.

17 ஜனவரி 2007

எழுதவில்லை. "உறுதியாகிவிட்டது, பினய் பாபு" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

18 ஜனவரி 2007

ஜாடிகளைத் தள்ளுவண்டியில் நானே ஏற்றினேன். மற்றவர்கள் ஏற்றினால் குலுக்குவார்கள். அலமாரி மூலை பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. என் பொறுப்பில் இனி மிச்சக் குடும்பம்: யாரும் இன்னும் பிரித்துக்கொண்டு போகாதவை.

5 ஜூலை 2007

மூன்றாவது நாளாக மழை. டாலிகஞ்சில் எங்கள் தெரு கால்வாய் மாதிரி ஓடுகிறது. ஆபீஸ் போகவில்லை. காலையில் எதிர்வீட்டு மாசிமா மாடியிலிருந்து அலறினாள். "ஜலஜா! ஷாப்! ஷாப்!"

புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். அவர்கள் வாசற்படியில், முழங்கால் தண்ணீரில், மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு ஒன்று. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் சேற்றுப்பாம்பு. வயிறு புடைத்திருந்தது, குட்டி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கம்போடு நின்றார்.

"அடிக்காதீங்கோ!" என்று தமிழிலேயே கத்தினேன். மேலே ஜன்னலிலிருந்து இவர், "ஜலஜா, அது உன் செக்‌ஷன் இல்லையேடி!" என்றார். தண்ணீருக்குள் கையை விட்டு அள்ளிவிட்டேன். உயிரோடு ஒன்றைக் கையில் பிடித்து எத்தனை காலம் ஆயிற்று. வழவழவென்று என்ன கனம்!

கட்டைவிரலில் கடித்தது. நன்றாகவே கடித்தது. பக்கெட்டில் போட்டு மூடி, தெருக்கோடிக் குளத்தில் இறக்கிவிட்டு வந்தேன். விரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. இவர் மஞ்சளை அரைத்துப் போட்டுவிட்டு, நாளைக்கு மெடிக்கல் லீவு போடு என்கிறார். முடியாது. வேறு செக்‌ஷன் பாம்பு.