என் குரலை எடுத்துவிடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் சுகமாக இருக்க வேண்டும். கோபத்திலும் இதை எழுதாமல் கடிதம் தொடங்க என் கைக்கு வராது. உன் அண்ணனுக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது, அண்ணியின் முதுகுவலி பரவாயில்லை. மாடி அறைக் கூரை ஒழுகுகிறது, கொத்தனார் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார், வந்தால் காதைத் திருகப் போகிறேன். மற்றபடி வீடு வீடாகத்தான் இருக்கிறது, நான்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யார் முகத்திலும் விழிக்காமல் உள்ளேயே கிடக்கிறேன்.

அன்று நூலகத்தில் டால்பின்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் போட்டார்கள். என் மகள் டால்பின்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்று நான் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறேன் அல்லவா, நூலகர் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார். கீழ்வீட்டுத் தையல்காரியையும் மருந்துக்கடைக்காரரையும் நானே வற்புறுத்திக் கூட்டிப்போயிருந்தேன். படத்தில் படகுகளை வரிசையாக நிறுத்தி, இரும்புக் குழாய்களைத் தண்ணீருக்குள் இறக்கி, சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடிக்கிறார்கள். காதாலேயே வழி பார்க்கிற பிராணிகள், அந்தச் சத்தத்தில் மிரண்டு குட்டிகளோடு கரைப்பக்கம் ஓடுகின்றன, குடாவுக்குள் புகுந்ததும் அதன் வாயை வலையால் அடைத்துவிடுகிறார்கள். காலையில் வாங்க வந்தவர்கள் இறங்கி, தழும்பில்லாத இளம் பெட்டைகளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்கிறார்கள், மிச்சத்தை அங்கேயே குத்திக் கொல்கிறார்கள். தண்ணீர் என்ன நிறமானது என்று நான் எழுதப் போவதில்லை. ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கி அவை கதறுவதைக் கேட்கவைத்தார்கள். அந்தக் கதறலின் மேல் ஒரு பெண்குரல் வந்தது. வாருங்கள் குழந்தைகளே, இவர்கள் கடலில் அடிபட்டு நம்மிடம் வந்தவர்கள், குணமான பிறகும் நம்மைப் பிரிய மனமில்லாமல் தங்கிவிட்டவர்கள் என்றது. என் குரல். நீ வேலை பார்க்கிற டால்பின் காட்சிக்கூடத்தின் வாசலில் தினமும் ஒலிக்கிறதாமே, அங்கேயே பதிவுசெய்து எடுத்திருக்கிறார்கள். தையல்காரி என் முழங்கையை இடித்து, “அக்கா, இது நீங்கதானே, படத்துலயே வந்துட்டீங்களே!” என்று பூரித்துப்போனாள். மறுபடி திரையைப் பார்த்தவள் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் என் பக்கம் குனிந்து, “அம்மா, வேணும்னா கிளம்பிடலாமா?” என்றார். நான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

நீ விடுமுறைக்கு வந்தபோது ஜன்னல்களைச் சாத்தி, கதவுக்குக் கம்பளி மாட்டி, என்னைப் படிக்கச் சொல்லிப் பதிவுசெய்தாய், அங்கே நம் மொழிக்காரர்கள் நிறைய வருகிறார்கள், உன் உச்சரிப்பு போல் யாருக்கு வரும் என்றாய். நான் படித்த பள்ளியில், உண்மையென்று தெரியாததை உரக்கப் படிக்க சிஸ்டர்கள் விட மாட்டார்கள். அதனால்தான் இது நிஜம்தானா என்று கேட்டேன். “வலையில சிக்கி அடிபட்டதும்மா, நாங்கதான் காப்பாத்தினோம், உன்மேல சத்தியமா” என்றாய். என்மேல்! நீ எழுதிவந்தது மொட்டையாக இருக்கிறதென்று, பிரிய மனமில்லாமல் என்ற வார்த்தைகளை நான்தான் சேர்த்தேன். குழந்தைகளுக்குப் பிடிக்குமே என்று சேர்த்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, பிரமாதம்மா என்று கைதட்டினாய். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உன் பொய்க்கு நான் பூச்சூட்டுவதைப் பார்த்துக்கொண்டு, எப்படியடி உனக்குக் கைதட்ட வந்தது?

அன்று வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்தேன். அப்படியெல்லாம் கிடையாது, அது வேறு இடம் என்று நீ சொல்லியிருந்தால் நம்பத் தயாராக இருந்தேன், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போன் செய்தேன். நீ முதலில் கேட்டது, “அந்தப் படத்தை யாரும்மா உனக்குக் காட்டினது?” என்றுதான். பிறகு, “நாங்க வாங்கலேன்னா அதையும் கொன்னுருப்பாங்கம்மா, நீ கிடந்து பதறாதே” என்றாய். வாங்க ஆளிருப்பதால்தானே குழாயை அடிக்கிறார்கள்? உன் அப்பா இருந்திருந்தால் உன்னை இவ்வளவு நாகரிகமாகக் கேட்டிருக்க மாட்டார்.

வருகிற ஞாயிறு அந்தப் படத்தை மறுபடி போடுகிறார்கள். அன்று எழுந்து நின்று, இது என் குரல், எனக்குச் சொல்லப்பட்டது பொய் என்று சொல்லப் போகிறேன், நூலகரிடம் போனிலேயே அனுமதி வாங்கியாயிற்று. உன் அண்ணன், “எதுக்கும்மா வம்பு, அவ வேலைக்கே உலை வெச்சிடாதே” என்கிறான். அவனுக்கு உன் வேலைதான் தெரிகிறது. நீ அங்கே என் குரலை எடுக்கவைத்து, அவை எங்கிருந்து வந்தவை என்பதை உன் வாயால் சொன்னால், அதையும் சேர்த்தே சொல்வேன், சந்தோஷமாகச் சொல்வேன். இல்லையென்றாலும் எழுந்து நிற்பேன். பொய் சொன்னது யார் என்று நிச்சயம் கேட்பார்கள். என் மகள் என்பேன்.

கடவுள் உனக்கு நல்ல புத்தியும் அதன்படி நடக்கத் தெம்பும் தரட்டும், நீண்ட ஆயுளோடு இரு. தண்ணீரை விட்டு ஏறியதும் காதை நன்றாகத் துடை, சொட்டு மருந்தை மறக்காதே.

இப்போதும்
உன் அம்மா