நிலக்ஷி நல்லதண்ணியில் இருக்கிறாள்

டிக்கோயா
ஜனவரி, புதன்கிழமை

அன்பு மகன் சுமனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் இருமலைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அந்த லண்டன் குளிரில் உனக்கும் ஒன்றும் வரக்கூடாது என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். முதலில் சேதி. உன் தங்கச்சி நிலக்ஷி கிடைத்துவிட்டாள். அவளும் பிள்ளையும் நல்லதண்ணியில் மலை யாத்திரைக்காக அசீசா போட்டிருக்கும் சீசன் கடையில் இருக்கிறார்கள். திங்கட்கிழமை அசீசாவே போன் செய்து, "அக்கா, ஒங்க தங்கச்சி மக நம்ம கடையிலதான் இருக்கா, அழுது முடிச்சிட்டு இப்பத்தான் இடியப்பம் திங்கிறா, பயப்புடாதீங்க" என்றாள். கலியாணத்துக்கு முன்னால் நிலக்ஷி அவளுடைய ஹட்டன் கடையில் வேலை செய்தவள் அல்லவா, அந்த உரிமையில் போயிருக்கிறாள். நேற்று நானும் போய்க் கண்ணால் பார்த்துவிட்டேன். வயிற்றுப் பிள்ளையும் இன்னும் இருக்கிறது, இது அவள் வாயால் சொன்னது.

சட்டத்தில் உள்ளதைத்தானே எழுதினேன், என்ன பிழை என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இத்தனை வருடம் பத்திரிகைக்கு எழுதியவளுக்கு வேறு விதமாக எழுத வராது. மூத்த பிள்ளை தவழும்போதே அடுத்தது தங்கிவிட்டது, கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருக்கும் அவள் புருஷன் கஜேந்திரன் இப்போது வேண்டாம் என்றிருக்கிறான், அவளைப் பெற்ற உன் சித்தியோ குவைத்தில், நிலக்ஷி உன்னிடம் கலைத்தால் பொலிஸ் பிடிக்குமா என்று கேட்டாள். தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டுமே விலக்கு, மற்றபடி குற்றம் என்று நீ சரியாகத்தான் பதில் போட்டாய். அதோடு விடாமல் தோட்டத்துத் தலைவர் செல்லசாமிக்கும் போன் செய்து விஷயத்தைச் சொல்லி அவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னாயாம். மனுஷன் நல்லவர், ஒரு உயிரைக் காப்பாற்றும் பொறுப்பு தன் கைக்கு வந்துவிட்டது என்று மறுநாள் காலை பெரட்டில், எல்லோரும் கூடி அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு ஐயாவிடம் சத்தமாக, "இந்தப் புள்ளைக்கு லேசு வேலை குடுங்கய்யா, மாசமா இருக்கு" என்று சொல்லிவிட்டார். லேசு வேலை எப்போது கேட்பது என்பது அந்தப் பெண்ணின் விருப்பம், தன் மனது தயாரான நாளில் அவளே போய்க் கேட்பாள், அதுதான் இங்கே ஊருக்குச் சொல்லும் முறை. இவர் அதை அவளுக்கு முன்னால் சொல்லிவிட்டார். கொழுந்துக்கூடையோடு நின்ற பெண்கள் விடுவார்களா, "தீபாவளிக்கு வந்த மாப்புள மறக்காம பரிசு குடுத்துட்டுத்தான் போயிருக்காரு" என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவள் மட்டும் சிரிக்கவில்லை. தலைவர் பக்கத்தில் வந்து, "இனி ஊரே பாத்துக்கிட்டு இருக்கு தாயி, ஏதாச்சும் பண்ணுனா பொலிஸ் கேஸு" என்று தணிந்த குரலில் சொல்லியிருக்கிறார், ஆறுதல் சொல்வதாகத்தான் அவருக்கு நினைப்பு. அவள் கூடையை லயத்து வாசலில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள், போனையும் நிறுத்திவிட்டாள்.

நேற்று நான் போன பஸ்ஸில் பாதிப் பேர் மலைக்குப் போகிறவர்கள், சிங்களத்தில் பாடிக்கொண்டே வந்தார்கள், மவுசாகலை அணைத் தண்ணீரின் மேல் பனி அப்படியே படுத்திருந்தது, பஸ் ரோட்டில் போகிறதா பனியில் மிதக்கிறதா என்று தெரியவில்லை, எங்கே போகிறேன் என்பதைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்திருந்தேன். கடையில் விற்பனைக்குக் குவித்திருந்த கம்பளித் தொப்பிகளுக்கு நடுவே மூத்தது தூங்கிக்கொண்டிருந்தது, எது தொப்பி எது தலை என்று தெரியாதபடி. நிலக்ஷி ஒரு தொப்பியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே, "பெரியம்மா, நீங்க பெத்துக்கன்னு சொல்றீங்களா, வேணாங்கிறீங்களா, ஒங்க வாயால சொல்லிருங்க" என்றாள். பெற்றுக்கொள்வதுதான் என் ஆசை என்று மறைக்காமல் சொன்னேன். கலைப்பது உன்னைப் போலவே எனக்கும் மனது ஒப்பாத காரியம், அதில் உனக்கும் எனக்கும் வழக்கில்லை. அவள் உடனே, "ஆசைப்பட்டா போதுமா, யாரு பாக்கிறது" என்று கேட்டாள். தோட்டத்தில் அவள் இருக்கும் கீழ்ப் பிரிவில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பரா மூடிக் கிடக்கிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் ஓய்வு பெற்ற பிறகு யாரையும் போடவில்லை, இவள் விடியலில் மேல் பிரிவு வரைக்கும் ஏறிப் பிள்ளையை விட்டுவிட்டு இறங்குவதற்குள் பெரட்டு முடிந்துவிடுகிறது, பிந்தியவளுக்கு அரை நாள் வேலைதான். இடுப்பில் ஒன்றோடே இப்படி என்றால் இரண்டோடு எப்படி ஏறுவாள்? உன் சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை சுமன், நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அது அந்த வேலைக்கு எழுதப்பட்டதல்ல. மாத்திரை விழுங்கி இரத்தப்போக்கோடு கிடந்த பெண்களை என் தொழிலில் பார்த்திருக்கிறேன், பொலிஸ் பயம் அவர்களை மாத்திரையிலிருந்து தடுக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல்தான் தடுத்தது.

ஆனால் இன்னொன்றையும் எழுதாவிட்டால் இது பாதிச் சேதி. கஜேந்திரன் மாத்திரை வாங்கி அனுப்புகிறேன் என்று சொன்னபோது, "பொலிஸ் கேஸாகும், அண்ணனே எழுதியிருக்குன்னு சொல்லித்தான் பெரியம்மா அவர் வாய அடச்சேன்" என்றாள். ஆக, நீ எழுதிய சட்டம் அவளுக்கு ஒரு நாள் கை கொடுத்திருக்கிறது. அதையே பெரட்டில் எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்தபோது அவளுக்கு ஒளிய இடமில்லாமல் போயிற்று. நானும் யோசித்தேன், அன்பாகச் சொல்வதிலும் ஒரு அழுத்தம் இருக்கிறது, பெரியம்மா கேட்டால் எப்படி மறுப்பாள்? அதனால் மூத்ததைப் பகலில் நானும் அப்பாவும் வைத்துக்கொள்கிறோம், அவள் பெற்றாலும் பெறாவிட்டாலும் இந்த வார்த்தை மாறாது என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன். பொழுது சாய்ந்து மலைப்பாதை விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன, மலை பனிக்குள் மறைந்துவிட்டதால் விளக்குகள் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக வானத்துக்குள் ஏறிப்போவதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, அசீசா பிளேன்டீ கொண்டு வந்து, "அக்கா, வெறைச்சுப் போயிருவீங்க, உள்ள வாங்க, அவ ஒங்களத்தான் தேடுறா" என்றாள். உள்ளே போனால் நிலக்ஷி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன முடிவு என்று நானும் கேட்கவில்லை.

இன்று காலை தலைவரைப் பார்த்தேன். பெரட்டில் பேசிய வாயால் பிள்ளைக் காம்பராவைத் திறக்கச் சொல்லித் தோட்டத்தை நடத்தும் துரையிடமும் பேசுங்கள் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, "நல்லதுன்னுதானே அம்மா செஞ்சேன்" என்றார், பிறகு என் முன்னாலேயே துரைக்குப் போன் செய்தார். நீ நிலக்ஷிக்குப் பேசு, சட்டம் பேசாதே, வாதாடாதே, மூத்ததற்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று கேள், மிச்சத்தை அவளே சொல்வாள். இரவில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படிக்க உட்காராதே. அப்பா கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்து திருநீறு வாங்கி வைத்திருக்கிறார், இந்தக் கடிதத்தோடு வருகிறது, பூசிக்கொள். எடுத்த சட்டப் படிப்பை முடித்து நிறைந்த ஆயுளோடு நன்றாக இரு மகனே.

காம்பரா பற்றித் துரை வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நிலக்ஷியின் முடிவு எனக்குத் தெரியாது, ஊகித்து எழுதவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள், முடிவு எதுவானாலும் இங்கேதான் வருவேன் என்றாள், அவளுக்கும் பிள்ளைக்கும் உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
வீரம்மா