தகரப்பெட்டிக் கதைக்கு நான் சொன்ன முடிவு

ஐப்பசி 8, புதன். காலையிலேருந்து தூறல்.

வெக்கத்த விட்டு எழுதுறேன், யாரு பாக்கப்போறா. நான் படிச்ச புத்தகத்துல பாதிக்கு எனக்கு முடிவு தெரியாது.

காரணம் கடை. பஜ்ஜி மடிக்க கீரனூர் பழைய பேப்பர் கடையில எடைக்கு எடுத்துட்டு வர்ற கட்டுலதான் எனக்குப் புத்தகம் வரும். அட்டை இருக்காது, பேரு தெரியாது. வீ.கா. (வீட்டுக்காரர். முழுசா எழுத கை வலி) பின்னாலேருந்து கிழிச்சு மடிப்பாரு. நான் முன்னாலேருந்து படிப்பேன். நடுவுல எங்கயாச்சும் ரெண்டு பேரும் சந்திச்சுக்குவோம். மிச்சத்த நானே யோசிச்சு முடிச்சுக்குவேன். யாராச்சும் கேட்டா அச்சுல பாத்த மாதிரி சொல்லுவேன். இதுவரைக்கும் மாட்டுனதில்ல. கேக்குறது ஒரே ஒரு ஆளுதான்.

எதிர்த்தாப்புல தையக்கடை சரசக்கா. மெஷின்ல ஒரு பக்கம் துணி, ஒரு பக்கம் புத்தகம். பஸ் ஸ்டாப் பக்கம் எங்க ரெண்டு பேருக்குத்தான் இந்த வியாதி. நல்லா இருந்தா நான் ரோட்டத் தாண்டிப் போயி சொல்லுவேன், அவுகளும் வந்து சொல்லுவாக. அவுக எட்டாப்பு, நான் அஞ்சாப்பு. அந்தப் பெருமைக்கு மட்டும் தெனம் தனியா ஒரு டீ.

முன்ன ஒருநா தகரப்பெட்டிக் கதை சொன்னேன். நானா வச்ச பேரு. கப்பல் வேலைக்குப் போன மகன், ஊருல ஒத்தையா அம்மா. அவன் துறைமுகத்துல அம்மாவுக்குன்னு ஒரு தகரப்பெட்டி வாங்குற வரைக்கும் படிச்சேன். அதுக்கப்புறம் பஜ்ஜி ஆகிப்போச்சு. அதனால நானே முடிச்சேன். பெட்டியத் தூக்கிட்டு வந்து எறங்குறான். தாடியப் பாத்து அம்மாவுக்கு அடையாளம் தெரியல. 'யாருப்பா, விலாசம் தேடுறியா'ங்குறா. 'ஆமாங்க, கத்திரிக்கா கொழம்பு வாசம் வர்ற வீடு எது'ங்குறான். சொல்லும்போது எனக்கே கண்ணு கலங்கிருச்சு. சரசக்கா முந்தானைல மூக்கச் சிந்திட்டு, "எழுதுனா இப்புடி எழுதணும்டி செல்வி"ன்னாக.

அப்பல்லாம் முத்து வாரம் தவறாம பேசிக்கிட்டிருந்தான். முத்து அவுக மகன், ஒரே புள்ள, குவைத்துல. புரட்டாசி கடைசில பேசினவன், "வேற கம்பெனி மாறுறேம்மா"ன்னான். அதோட போன் சுவிட்ச் ஆப்.

இன்னிக்கு சரசக்கா கொடைக்குள்ள ஒரு புத்தகத்த அணைச்சுக்கிட்டு ரோட்டத் தாண்டி வந்தாக.

"நூலகத்து சார்ட்ட கதையச் சொன்னேன். அலமாரில கைய விட்டு எடுத்துட்டாரு. முழுசா இருக்குடி, அட்டையோட."

"எந்தக் கதைக்கா?"

"ஒன் தகரப்பெட்டிதான். தெனம் கொஞ்சங் கொஞ்சமா படிக்கப்போறேன். இது முடியறதுக்குள்ள அவன் பேசிருவான். மனசுல வச்சுட்டேன்."

வெங்காய பஜ்ஜி ஒரு ஈடு கருகிருச்சு. வீ.கா. என்னயப் பாத்தாரு. மழைன்னேன்.

ஐப்பசி 10, வெள்ளி. வெயில், புழுக்கம்.

கடலமாவு வாங்கணும். கேஸ் சொல்லணும்.

அந்தப் புத்தகத்தோட முடிவு என்னவா இருக்கும்னே மண்டைக்குள்ள ஓடுது. நல்ல முடிவா இருந்தா சரி. எழுதுறவுக நல்ல முடிவா எழுதுற சாதி இல்லையே. வேற புத்தகம் ஒண்ணச் சொல்லி அவுகளத் திருப்பிரலாம்னு பாத்தேன். எனக்குப் பிடிச்சதெல்லாம் யோசிச்சேன்.

கோழிக் களவு கதை. வயிறு வலிக்கச் சிரிப்பு. ஆனா நடுவுல மகன் ஜெயிலுக்குப் போறான்.

மச்சு வீட்டுக் கதை. அண்ணன் தம்பி சண்டை. தம்பி கோவிச்சுக்கிட்டு ரயிலேறுறான். அதுக்கப்புறம் அவனப் பத்திப் பேச்சே இல்ல.

டாக்டரம்மா கதை. வேணவே வேணாம்.

சமையல் புத்தகம். அதுலயும் ஊறுகா பக்கத்துல 'வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப ஏற்றது'ன்னு போட்டிருக்கான்.

எனக்குப் பிடிச்ச புத்தகத்துல ஒரு பயலாவது ஒழுங்கா வீடு வந்து சேந்தானான்னா இல்ல. இதத்தான் நல்லாருக்கு நல்லாருக்குன்னு அவுகளப் படிக்க வச்சிருக்கேன்.

ஜெயில விட்டுட்டு கோழிக் கதைய மட்டும் போயி சொன்னேன்.

"யக்கா, அந்தப் புத்தகத்த ஓரமா வைங்க. இது என்கிட்டயே இருக்கு, முக்காவாசி. படிச்சா ரவிக்கைக்கு பதிலா பாவாடை தச்சிருவீங்க, அம்புட்டு சிரிப்பு."

"இதுல யாராச்சும் காணாமப் போறாகளா?"

"கோழிதான்."

சிரிக்கல. நான் சொல்லி சரசக்கா சிரிக்காதது இதான் மொதத் தடவ.

தீபாவளித் துணி வாங்க வந்த ஒரு பொம்பள கேட்டுச்சு, "மகன் பேசுனானா சரசு?"

"பேசுவான். இன்னும் பாதிப் புத்தகம் கெடக்கே."

அந்தப் பொம்பள என்னயப் பாத்துச்சு. நான் டீ கிளாச எடுத்துக்கிட்டு இங்கிட்டு வந்துட்டேன்.

ஐப்பசி 11, சனி. மேகம்.

நேத்து நூலகம் லீவு. இன்னிக்குப் போனேன். போயிட்டு வாரேன்னு வீ.கா.கிட்ட சொன்னா, "கடைய விட்டுட்டு என்ன படிப்பு"ன்னாரு. பரிச்சை இருக்குன்னேன்.

நூலகத்து சாரு நல்ல மனுசன், சாயங்காலம் நம்ம கடையிலதான் வாழக்கா பஜ்ஜி.

"சார், சரசக்காவுக்குக் குடுத்தீங்கள்ல, அது எப்புடி முடியும்?"

"நீங்கதான் அவங்களுக்குச் சொன்னதா சொன்னாங்களே?"

"சொன்னேன். மறந்துபோச்சு."

கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "எனக்கும் சரியா ஞாபகம் இல்லம்மா. ஆனா எங்க வீட்ல அத முடிச்ச அன்னிக்குச் சமைக்கல. நான் ஓட்டல்ல சாப்பிட்டேன்."

வேற ஒண்ணும் கேக்கல. கேக்க வேண்டியதும் இல்ல.

திரும்பி வரும்போது தையக்கடையில மெஷின் சத்தம் இல்ல. புத்தகத்த மடில வச்சு, வெரல அடையாளமா வச்சு மூடிக்கிட்டு, ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தாக. பக்கத்துல போன். நான் அங்கிட்டுப் போகல. கைகாட்டினேன். அவுகளும் கைகாட்டினாக.

ராத்திரி வீ.கா. "என்ன வாயே தொறக்கல, காச்சலா?"ன்னாரு. நெத்தியத் தொட்டுப் பாத்தாரு. இல்லன்னாரு.

ஐப்பசி 13, திங்கள். நல்ல மழை.

செஞ்சுட்டேன்.

சரசக்கா புதுக்கோட்டைக்குக் கெளம்பிட்டாக, முத்துவ அனுப்புன ஏஜெண்டப் பாக்க. "செத்த கடையப் பாத்துக்கடி"ன்னு சாவியக் குடுத்துட்டுப் போனாக. புத்தகம் மெஷின் மேல. துண்டுத் துணி ஒண்ணு அடையாளமா தொங்குது. கடைசிக்கு இன்னும் கொஞ்சந்தான்.

முடிவ மட்டும் எடுத்துரலாம், முத்து பேசுனப்புறம் ஒட்டிரலாம்னு தோணுச்சு. புத்தகம் கிழிக்கிற வீட்டுல வாக்கப்பட்டவ நான். ஆனா இது கிழிக்கிற மாதிரி இல்ல. தையல் பிரிக்க அவுக வச்சிருக்கிற பிளேட எடுத்து, கடைசி அத்தியாயத்த அடியோட, சத்தம் இல்லாம. ஒரு தாளுல கொஞ்சம் கோணிப்போச்சு.

படிக்கல. நெசமா. படிச்சா அப்புறம் எனக்கு அவுக மூஞ்சியப் பாத்துப் பேச வராது. கவுத்துப் பிடிச்சுக்கிட்டு ரோட்டத் தாண்டி வந்து, பிளாஸ்டிக் பையில போட்டு, மாவு டின்னுக்குப் பின்னால சொருகிட்டேன்.

சரசக்கா நனைஞ்சுபோயி வந்தாக. ஏஜெண்டு ஆபீஸ் பூட்டியிருக்காம். பக்கத்துக் கடைக்காரன், "அவரு ஆளே காணோம், உங்களுக்கும் ஏதும் தரணுமா"ன்னு கேட்டானாம். அதச் சொல்லும்போது மொகத்துல ஒண்ணுமே இல்ல. டீ போட்டுக் குடுத்தேன். குடிக்காம கையில வச்சுக்கிட்டு நின்னாக, டீ மேல ஏடு படியற வரைக்கும்.

ஐப்பசி 14, செவ்வாய். மழை விட்டிருச்சு.

மத்தியானம் கூட்டம் இல்ல. வெங்காயம் அரிஞ்சுக்கிட்டே அங்கிட்டுப் பாத்தா, சரசக்கா படிக்கிறாக. பக்கம் திருப்புறாக. திருப்புறாக. நின்னுட்டாக. வெரலால உள்பக்கமா தடவிப் பாத்தாக. அப்பறம் நிமிந்து நேரா என்னயப் பாத்தாக.

புத்தகத்தோட ரோட்டத் தாண்டி வந்தாக. ஒரு மோட்டார் சைக்கிள்காரன் திட்டிட்டுப் போனான்.

"எலியா இருக்கும்க்கா"ன்னேன், கேக்குறதுக்கு முன்னாடியே.

"பிளேடு வச்சு வெட்டுற எலியா?"

வெங்காயத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். கண்ணுல தண்ணி வந்தா அது வெங்காயம்னு இருக்கட்டும்.

"செல்வி. நான் எந்தப் புத்தகத்தயும் கடைசிப் பக்கத்துலேருந்துதான்டி ஆரம்பிப்பேன். யாரு செத்தா யாரு இருக்கான்னு தெரியாம எனக்குப் படிக்க ஓடாது. நூலகத்துலேருந்து வர்ற வழியிலயே நின்னு படிச்சுட்டேன்."

"என்னக்கா வருது?"

"பெட்டி மட்டும் வருது."

வீ.கா. ரேடியோவ நிப்பாட்டினாரு. அவருக்கு எப்புடிப் புரிஞ்சுச்சுன்னு தெரியல.

"அப்ப நான் புளுகினது அன்னிக்கே தெரியுமா? பின்ன எதுக்குக்கா தெனம் படிச்சீங்க?"

"நீ சொன்ன முடிவு இந்தக் கதைக்குப் பொருந்துமான்னு பாத்தேன். மொதப் பக்கத்துலேருந்து ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே வந்தேன். அவன் வரமாட்டான்னு எங்கயாச்சும் எழுதியிருக்கான்னு." புத்தகத்த மேசையில வச்சாக. "எங்கயும் இல்லடி. கடைசி அத்தியாயத்துல மட்டுந்தான் அப்புடி. அதுக்கு முன்னால வரைக்கும் அவன் வர்ற ஆளுதான். நீ சொன்னதுதான் சரி. எழுதுனவன்தான் தப்பா முடிச்சுட்டான்."

அரிஞ்ச வெங்காயத்த மாவுல போட்டுப் பிசைஞ்சேன்.

அப்ப போன் அடிச்சுச்சு. அவுக இடுப்புலேருந்து எடுத்தாக. நீளமா ஒரு நம்பரு, பேரு இல்ல. பாத்துக்கிட்டே நிக்கிறாக. அடிக்குது, அடிக்குது.

"எடுங்கக்கா."

"நீ எடு."

"யக்கா."

"வேற ஆளு பேசி, வேற சேதி சொன்னா? நீ எடுடி செல்வி. நீதான் முடிவு சொல்றவ."

கை பூரா மாவு. அப்புடியே வாங்கி காதுல வச்சேன். ஒரே இரைச்சல், காத்து அடிக்கிற மாதிரி.

"ஹலோ. யாரு?"

"யாருங்க, அம்மா இல்லயா? நான் முத்து பேசுறேன்."

என் வாய் என்னக்கி சும்மா இருந்துச்சு. "யாருப்பா நீ, விலாசம் தேடுறியா?"ன்னேன். சொல்லும்போதே கொரலு ஒடஞ்சிருச்சு. போன சரசக்கா காதுல வச்சேன்.

பழைய கம்பெனிக்காரன் போனப் பிடுங்கி வச்சுக்கிட்டானாம். புது எடம் பாலைவனத்துக்குள்ள, டவர் இல்லயாம். இப்ப லாரி டிரைவர் ஒருத்தரு போன்லேருந்து பேசுறானாம். நல்லா இருக்கானாம். இதெல்லாம் பெறகு சொன்னாக. அப்ப சரசக்கா பேசினது ஒண்ணுதான்.

"சாப்பிட்டியா?"

அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாக. கன்னம் பூரா கடலமாவு. வீ.கா. அந்த நேரத்துல கடையில இருந்த ரெண்டு பேருக்கும் காசு வாங்காம டீ குடுத்தாரு. நான் பாத்ததே இல்ல.

ஐப்பசி 16, வியாழன். சாரல்.

வாங்க வேண்டியது: பசை, வாழக்கா, நீலச் சோப்பு.

முத்துவுக்குப் புது போன் கெடைச்சிருச்சு. நேத்தும் பேசினான். என்னயக் கேட்டானாம், "அந்த யக்கா ஏன் விலாசம் கேட்டுச்சு"ன்னு. சரசக்கா கதையச் சொல்லியிருக்காக. என் முடிவோட.

கோழிக் களவு கதைய வாங்கிட்டுப் போயிட்டாக. "ஜெயிலு வரும்க்கா"ன்னு சொல்லிட்டேன், இனி ஒளிக்கிறதுக்கு இல்ல. "தெரியும், கடைசில கெடக்குற பக்கத்தப் பாத்துட்டேன்"ன்னாக. அதுல கடைசியே இல்லன்னேன். "அப்ப நீ சொல்லு"ன்னாக. நாளைக்குச் சொல்றேன்னு வந்துட்டேன். யோசிக்கணும். கோழியும் வீடு திரும்பணும்.

சாயங்காலம் சரசக்கா நூலகப் புத்தகத்தக் குடுத்து விட்டாக, ஒட்டித் திருப்பிக் குடுக்கச் சொல்லி. பசை வாங்கிட்டு வந்து மாவு டின்னுக்குப் பின்னால கைய விட்டேன். பை மட்டும் இருந்துச்சு.

சாரல்ல பேப்பர் கட்டு பூரா நனைஞ்சுபோச்சாம். காஞ்ச தாளு கெடைச்சுதுன்னு வீ.கா. சொன்னாரு. மத்தியானத்துலேருந்து மடிச்சுக்கிட்டிருக்காராம். ஒரே ஒரு தாளு மிச்சம், அதையும் அப்பத்தான் குடுத்தாராம்.

நூலகத்து சாருகிட்ட.

சாரு ஓரமா நின்னு வாழக்கா பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. தாள ஒருக்கா விரிச்சாரு. கண்ணாடிய மேல தள்ளிவிட்டாரு. கடைசிப் பக்கம், கீழ வட்டமா நூலக முத்திரை. சட்னி இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னு சொல்லி, வட்டத்து மேலயே ரெண்டு கரண்டி ஊத்துனேன்.