பச்சைப் பெயின்டுக்குக் கீழே

கட்டுகஸ்தோட்டை,
17.08.2025

ஜெயராஜுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கச் சொல்கிறாள் ரிப்கா. நான் நலமாக இல்லை. உன் நலத்தை அறிய இன்றைக்கு எனக்கு ஆவலும் இல்லை. வலது தோள் எலும்பு முறிந்து நாலு வாரமாகிறது. கை கழுத்தில் தொங்குகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மனைவிதான் எழுதுகிறாள். இதற்குள்ளேயே மூன்று சொற்களை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவை என்னவென்று உனக்குத் தெரியும். நீயே போட்டுப் படித்துக்கொள்.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் நீ சிரித்துப் பேச்சை மாற்றுவாய், நானும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன். நம் பதினெட்டு வருஷ நட்பில் அதுதானே நடக்கிறது. ரிப்காவின் தம்பி ஸிபான் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை தோஹா திரும்புகிறான். இந்தக் கடிதத்தோடு பேப்பரில் சுற்றிய ஒரு இரும்புத் துண்டும் தருவான். நம் சைக்கிளின் கழுத்து அது.

அந்த மவுண்டன் பைக்கை நாம் எப்படி எடுத்தோம் என்று நினைத்துப் பார். முப்பது வருஷத்து ஜப்பான் சைக்கிள், பழைய இரும்புக் கடையில் தகரங்களுக்கு அடியில் கிடந்தது. ஏழு மாதம், ஞாயிறும் போயா லீவும் பார்க்காமல் அதோடு கிடந்தோம். கியர் லீவருக்குள் கிரீஸ் கல்லாய் இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பல் துலக்கும் பிரஷால் நான் தேய்த்தேன். அது முதல்தடவை டக்கென்று விழுந்தபோது நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். கடைசியில் பெயின்ட் மட்டும் நான் தனியாக அடிக்கிறேன் என்று நீ வேலை செய்த கார் பெயின்ட் கராஜுக்குக் கொண்டுபோய் நாலு நாள் வைத்திருந்தாய். தேயிலைப் பச்சையில் பளபளவென்று கொண்டுவந்தாய். தோஹா போகிறேன், இனி இது உனக்குத்தான் என்று என் கையில் தந்தாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மடையன் நான்.

போன மாதம் இருபதாம் திகதி ஞாயிறு, கலஹாவுக்கு ஏறிப்போய் உன் அம்மாவைப் பார்த்தேன். வழக்கம்போல ஒரு பை போஞ்சிக்காய் கட்டித் தந்தார். திரும்பி இறங்கும்போது தேயிலை ஃபெக்டரிக்குக் கீழே உள்ள வளைவில் பிரேக்கைப் பிடித்தேன். வேகம்கூட இல்லை. கழுத்து முறிந்து முன்சக்கரம் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். பின்னால் வந்த பஸ் என் காலுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. ரோட்டெல்லாம் போஞ்சி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உடைந்ததை வெல்டிங் அர்கமிடம் கொண்டுபோனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது அன்றைக்கு மட்டும் உடைந்ததில்லை தம்பி என்றார். உடைந்த இடத்தில் பாதி துருப்பிடித்துக் கறுத்திருக்கிறது, பாதி புதிதாய் மின்னுகிறது. கறுத்த பாதிக்கு மேலே பட்டி. கார்க் கதவில் பள்ளம் விழுந்தால் நிரப்புவீர்களே, அதே பட்டி. நிரப்பி, மழமழவென்று தேய்த்து, அதற்கு மேல் பச்சைப் பெயின்ட். தேய்த்தவன் நல்ல வேலைக்காரன் என்று வேறு சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் துண்டை அங்கேயே வீசியெறிந்தேன். அவர்தான் எடுத்துவந்து தந்தார்.

தெரியாமல் செய்தேன் என்று மட்டும் எழுதாதே. கூட்ஸ் ஷெட் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறும்போது நீ என்ன சொன்னாய்? ஏத்தத்துல மட்டும் ஓட்டு மச்சான், எறக்கத்துல தள்ளிக்கிட்டே போ என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்டியில் மலை ஏறுகிறவன் எதற்காக ஏறுகிறான்? இறங்கத்தானே! பயல் பிரியும்போதும் பகிடி விடுகிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது பகிடி இல்லை என்று அர்கமின் பட்டறையில்தான் விளங்கியது.

வெடிப்பு இருக்கிறதென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை நாளில் ஒட்டித் தந்திருப்பேன் என்கிறார் அர்கம். அரை நாள்! நீ ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். ஏழு மாத உழைப்பு, போகிற நேரம், என் முகம் வாடக்கூடாது. பள்ளத்தைக் கண்டால் நிரப்பித்தான் உன் கைக்குப் பழக்கம். ஆனால் கார்க் கதவுமேல் யாரும் உட்கார்ந்து மலை இறங்குவதில்லையடா.

நான் விழுந்ததை விட்டுவிடு. மகள் அனீஸாவுக்காக முன் பாரில் ஒரு குட்டிக் குஷன் தைத்துப் போட்டிருந்தேன். ஆட்டோ சீட் தைக்கிற கைக்கு அது பத்து நிமிஷ வேலை. அந்த ஞாயிறும் அவள் வர அழுதாள். காய்ச்சல் என்பதால் விட்டுவிட்டுப் போனேன். அதற்கு முந்தின ஞாயிறு அதே வளைவில் அவள் முன்னால் உட்கார்ந்து, மணியை அடித்துக்கொண்டே வந்தாள். இதை எழுதும்போது ரிப்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள்.

உன் அம்மா இரண்டு பஸ் மாறி வீட்டுக்கே என்னைப் பார்க்க வந்தார். மெதுவா வரக்கூடாதாய்யா, புள்ளக்குட்டிக்காரன் இப்படியா ஓட்டுவ என்று கட்டில் பக்கத்தில் நின்று அழுதார். உன்னை வளர்த்தவரிடம் உன்னைப் பற்றி எப்படிச் சொல்வது? வேகமாக வந்துவிட்டேன் அம்மா என்றேன். உனக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது.

போகும்போது அவர் ஒன்று சொன்னார். உன்னை இப்போது கட்டிடங்களுக்கு வெளியே பெயின்ட் அடிக்கப் போட்டிருக்கிறார்களாம். இருபதாம் மாடியில் தொங்குகிற பலகையில் நின்று அடிக்கிறாயாம். படம் அனுப்பியிருக்கிறாய் என்று பெருமையாகக் காட்டினார். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து பலகையைத் தாங்கும் கொக்கிதான் என் கண்ணில் நிற்கிறது. அந்தக் கொக்கியை உனக்கு முதல் பார்த்தவன் யார்? அவனும் உன்னைப்போல நல்லவனாக இருந்தால்? எதற்கு வீண் பிரச்சினை என்று மேலால் பூசிவிட்டுப் போயிருந்தால்?

ஆகவே நான் அனுப்பும் துண்டைப் பையில் வைத்துக்கொள். ஒவ்வொரு காலையும் பலகையில் கால் வைக்க முதல் அதை எடுத்துப் பார். பிறகு கொக்கியைப் பார், கயிற்றைப் பார், நகத்தால் சுரண்டிப் பார். வெடிப்பைக் கண்டால் சத்தம் போடு. சத்தம் போட்டதற்காக வேலையை விட்டு அனுப்பினால் பிளேன் ஏறி வா. அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும், உன் முருகனிடமும் நீ சொல்லிவை. உன்னை அறைய எனக்கு இந்த இடது கை போதும். ஆனால் அதற்கு நீ முழுசாக வந்து சேர வேண்டும்.

கோபம் கொஞ்சமும் குறையாமல்,
பாயிஸ்